மின்னூர் முகாமுக்கு வாக்குப்பெட்டி வரவில்லை

மே 18 அன்று வாணியம்பாடியில் ஒரு சின்ன மண்டபத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுக் கூட்டம் நடந்தது. கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் பேசினார். நன்றாகவே பேசினார். 2009இல் மருத்துவமனைகள் மீது குண்டு விழுந்ததை அவர் சொன்னபோது எனக்கும் தொண்டை அடைத்தது. பேசி முடித்ததும் எழுந்து, "யாழ்ப்பாணத்தில் சாதி இப்போது எப்படி இருக்கிறது அய்யா?" என்று கேட்டேன். "தம்பி, உதைக் கதைக்கிற நேரம் இது இல்லை. முதல்ல விடுதலை, பிறகுதான் மற்றதெல்லாம். சாதியைக் கிளறினால் சிங்களவனுக்குத்தான் லாபம்" என்றார். மண்டபமே கைதட்டியது.

கைதட்டியது எந்த ஊர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதே வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், 2019 ஆகஸ்டில், சுடுகாட்டுக்குப் போக வழி விடாததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. வழியை மறித்தது எந்தச் சிங்களவனும் இல்லை.

அன்று என் பக்கத்து நாற்காலியில் என்னோடு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் வேலை செய்யும் நண்பன் உட்கார்ந்திருந்தான். ஆம்பூர் பக்கத்து மின்னூர் முகாமில் இருக்கிறான். அவனுடைய பூட்டன் திருச்சிப் பக்கத்துச் சேரியிலிருந்து கங்காணியோடு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1948இல் இலங்கை அரசு அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. அந்த அரசில்தான் யாழ்ப்பாணத்துத் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சராக இருந்தார். செல்வநாயகம் அவரை எதிர்த்துப் பிரிந்து வந்து 1949இல் தமிழரசுக் கட்சி கண்டார், அதையும் மறைக்கவில்லை. 1977 கலவரத்தில் அடிபட்டு மலையிலிருந்து வன்னிக்குப் போன குடும்பம், 1990இல் படகேறி ராமேஸ்வரம் வந்தது. அப்போது அவனுக்கு ஐந்து வயது. இன்றுவரை இந்தியக் குடியுரிமையும் இல்லை, ஓட்டும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இவன் நாடு அதில் இல்லை.

போரால் ஊரைவிட்டு வந்தவர்கள்தான் இருவரும். டொராண்டோவில் இருப்பவர் 'புலம்பெயர் தமிழர்', அவர் மேடைக்குப் போகிறார். மின்னூரில் இருப்பவன் 'அகதி', அவன் நாற்காலி எடுத்துப் போடுகிறான். 2021இல் தமிழ்நாடு அரசு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றியது. நல்லதுதான். ஆனால் இந்தப் போரைப் பற்றி உன் கருத்து என்ன என்று அவனை ஒருவரும் கேட்டதில்லை.

நான் மிகைப்படுத்தவில்லை. 2009, 2010இல் தமிழீழம் வேண்டுமா என்று புலம்பெயர்ந்தோரிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நோர்வேயில், பிரான்சில், கனடாவில், பிரிட்டனில், சுவிட்சர்லாந்தில், ஜெர்மனியில் நடந்தது. 99 சதவீதத்துக்கு மேல் ஆம் என்றார்கள். தமிழ்நாட்டின் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களுக்கு அந்தப் பெட்டி வரவில்லை. இந்திய அரசு விட்டிருக்காது என்பீர்கள். விட்டிருக்காதுதான். ஆனால் அந்தப் பெட்டி வரவில்லையே என்று எந்த மேடையிலாவது ஒருவர் வருத்தப்பட்டுக் கேட்டிருக்கிறீர்களா?

விமானத்துக்கும் ஏஜெண்டுக்கும் பணம் கட்ட விற்கவோ அடகு வைக்கவோ காணி வேண்டும். யாழ்ப்பாணத்தில் காணி யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லை என்பது ஊரறிந்தது. எல்லா வெள்ளாளரும் தப்பினார்கள் என்றோ, ஒடுக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட ஐரோப்பா போகவில்லை என்றோ நான் சொல்லவில்லை. பாரிசில் தலித் மாநாடு கூட்டிய ஈழத்தவர்களும் உண்டு. அவர்களைத் துரோகிகள் என்று திட்டியவர்களும் உண்டு. ஆனால் 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களில் போர் முடிந்து பல வருடம் ஆன பிறகும் மல்லாகம் பக்கத்து முகாம்களிலேயே கிடந்தது யார்? பெரும்பாலும் காணியில்லாத ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊருக்கு வரும் வெளிநாட்டுக் காசு தேராகிறது, கோபுரமாகிறது. 2018இல் தென்மராட்சி வரணியில் ஒரு கோவில் தேரை ஜே.சி.பி. எந்திரம் வைத்து இழுத்தார்கள். வடம் பிடிக்க ஆள் இல்லாமல் இல்லை. பிடிக்க வந்துவிடுவார்களோ என்று பயந்து இழுத்தார்கள்.

'முதலில் விடுதலை' என்பதும் புதிய வசனம் இல்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில் உள்ளே விடு என்று உட்கார்ந்தவர்களுக்கும் தமிழர் ஒற்றுமையைக் குலைக்காதே என்ற பாடம் நடத்தப்பட்டது. வழியை மறித்து நின்றவர்களில் ஒருவர் தமிழருக்குத் தனிநாடு கேட்ட சி. சுந்தரலிங்கம்.

இன்னொன்று. நான் இருப்பது முஸ்லிம்கள் நிறைந்த தோல் நகரம். 1990 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரம் கெடு கொடுத்து வெளியேற்றியது புலிகள் இயக்கம். வடக்கு முழுவதும் ஏறக்குறைய 75,000 பேர். வாணியம்பாடியில் நின்றுகொண்டு அரை மணி நேரம் பேசியவர் வாயில் அது ஒரு வார்த்தையாகக்கூட வரவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் 'நேரம் இது இல்லை'தான் பதிலாக வந்திருக்கும்.

ராஜபக்சேக்கு வக்காலத்தா என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். 2009இல் நடந்தது இனப்படுகொலை. சர்வதேச விசாரணை வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தடுமாற்றமும் இல்லை. ஆனால் செத்தவர்கள் பேரில் பேசும் உரிமை டாலரில் சந்தா கட்டுகிறவருக்கு மட்டும் எப்படிப் போனது? கடைசிக் கட்டத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒரு பிள்ளையைப் பிடித்துப் போனார்கள். கனடாவில் இருந்த வீட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பாஸ்போர்ட் இருக்கிறவருக்குப் 'பிறகு பார்க்கலாம்' என்பது சுலபம். நண்பனுக்கு 'பிறகு' என்பது 30 வருடத்தைத் தாண்டிவிட்டது.

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, "நீ என்னடா நினைக்கிற?" என்று அவனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர் சொன்ன நாடு கிடைச்சிருந்தா, அதுல எங்க லயத்தை எங்கடா கட்டியிருப்பாங்க?" என்றான்.

அடுத்த மே 18க்கு அவனையே பேச அழைக்க வேண்டும் என்று கூட்டம் நடத்திய தோழர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யோசிக்கிறோம் என்றார்கள். முகாமில் கணக்கெடுக்கும் நாளாக இருந்தால் அவனால் வர முடியாது. தேதியை முன்கூட்டியே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.