சமயப்பற்றும் குற்றமும்

சமயப்பற்றுக் குறைந்தமையாலேயே நாட்டிற் களவும் கொலையும் மலிந்தன என்று நம் சைவ மேடைகளிற் பேசுவார் பலர். சிறைச்சாலையில் நீறணியாதார் எத்துணைப் பேர் என்று எள்ளி வினவுவார் மறுசாரார். இவ்விரு திறத்தாரும் பகைவர்போற் காணப்படினும் ஒரு பிழையிலே கைகோத்து நிற்பவராவர். உயிர்தோறும் வைத்து ஆராயத்தக்க வினையைக் கூட்டத்தின்மேல் ஏற்றிக் கணக்கிடுதலே அப்பிழை. அஃது எத்துணைக் கொடிதென்பதற்குச் சான்று மதுரைக்கு மேற்கே அணித்தாகவே கிடக்கின்றது.

1871 இல் வடநாட்டிற்கென இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டம் 1911 இல் சென்னை மாகாணத்திற்கும் விரிக்கப்பட்டு, 1914 தொடங்கிப் பிறமலைக் கள்ளர்மேல் ஏவப்பட்டது. ஆடவர் கைரேகை பதித்தல், இரவிற் காவல் நிலையத்திற் சென்று படுத்தல், வெளியூர் செல்லச் சீட்டுப் பெறுதல் என்னும் இவை களவு செய்தார்க்கு விதித்த தண்டம் அல்ல. ஒரு குலத்திற் பிறந்தமைக்கு விதித்த தண்டம். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்பிரல் 3 ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர்.

இம்மக்கள் கடவுட்பற்று இல்லாதவரோ? மாசிச் சிவராத்திரியில் உசிலம்பட்டியிலிருந்து சாமிப்பெட்டி சுமந்து பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்குச் செல்லும் கூட்டத்தைக் கண்டார் அவ்வாறு சொல்லத் துணியார். பற்றுண்டேற் குற்றமில்லை என்பார், இவரைக் குற்றமரபினர் என்ற சட்டத்தையன்றோ முதற்கண் பொய்யென்று மறுத்தல் வேண்டும்?

அவருட் களவு செய்தார் இல்லையென்று யாம் வாதிக்கின்றிலேம். ஊர்க்காவல் பூண்டு அதற்குக் கூலி பெற்று வந்த பழைய உரிமையை ஆங்கில ஆட்சி அழித்தது. 1895 இல் முல்லைப்பெரியாற்று அணை முடிவுற்றபோது நீர் மேலூர்ப்புறம் பாய்ந்தது. உசிலம்பட்டி மேட்டு நிலங்களுக்கு எட்டிற்றில்லை. மேலூர்க் கள்ளர் உழவில் வேரூன்றினர். இருபுறத்தாரும் கருப்பனையும் அழகரையும் கும்பிடுவோரே. வேறுபட்டது தெய்வமன்று, வாய்க்கால்!

இனி, 'அக்குலத்திற் பிறத்தலும் முன்வினைப் பயனன்றோ?' என்று சித்தாந்தம் பேசுவாரும் உளர். நன்று சொன்னார்! பிராரத்தம் உடம்பையும் இன்ப துன்பங்களையும் கூட்டுவது. ஆகாமியமோ இப்பிறவியில் உயிர் தானே புதிதாக ஈட்டுவது. ஈட்டாத ஆகாமியத்திற்காக ஒருவனை இரவுதோறும் காவல் நிலையத்திற் கிடத்துதல் எந்நூலின் முடிபு? ஆணவமலம் கள்ளர்க்கு முழுப்படியும் கலெக்டர்க்கு அரைப்படியுமாக அளந்து வைக்கப்பட்டதோ? உயிர் எல்லாவற்றையும் அநாதியே பற்றியது அம்மலம் என்பதை ஒப்பிய ஒருவன், பிறப்பினாற் குற்றவாளி என ஒரு குலத்தையும், பிறப்பினாற் குற்றமற்றார் எனத் தன் குலத்தையும் பிரித்தல் இயலாது.

மதுரைத் திருவிளையாடல்களுள் மாபாதகம் தீர்த்தமை ஒன்று. தாயைப் புணர்ந்து தந்தையைக் கொன்றவனுக்கும் இறைவன் இரங்கினான் எனின் மக்கள் பாவத்திற்கு அஞ்சார் என்று அதனைப் பழிப்பார் உளர். அவர் கதையின் பிற்பகுதியைப் படித்திலர் போலும். வேடனாய் வந்த சொக்கலிங்கப்பெருமான் அவனுக்கு வாளா மன்னிப்பு வழங்கினானல்லன். ஒருபொழுது பிச்சையுண்டி, அடியார் பணி, பசுக்களுக்குப் புல்லறுத்து ஊட்டல், கோயிலைப் புரண்டு வலம் வருதல் என்று நாடோறும் உடல் நோவப் பணி விதித்தான். பற்று ஓருயிரைத் திருத்துமோ எனின், இங்ஙனம் திருத்தும். அது பணியிலே தோன்றுவது, எண்ணிக்கையிலே தோன்றாது. செய்யத் தகாதன செய்தவனிடத்தும் இறைவன் ஓர் உயிரைக் கண்டான். சட்டமோ ஒன்றும் செய்யாதவனிடத்தும் கள்வனைக் கண்டது.

அச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947 இல் ஒழிந்தது. பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அதனை எதிர்த்து முழங்கினார் என்றும், அவர் முருகனடியார் என்றும் நம்மவர் மகிழ்ந்துரைப்பர்; உண்மையே. அவர்க்கு முன்னரே கள்ளர்க்காக வாதாடி நின்றவர், செங்கன்னூரிற் பிறந்து மதுரையில் வழக்கறிஞராக வாழ்ந்த ஜார்ஜ் ஜோசப் என்பார். அவரை அம்மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்பொழுக அழைத்தனர். அவர் சுரியானிக் கிறித்தவர். நீறணியார், ஐந்தெழுத்து ஓதார். நன்னடை நம் சமயத்தார்க்கே உரித்தென்று மேடையேறுவோர், அவரை எக்கணக்கில் எழுதுவதென்று அருள்கூர்ந்து விடை பகர்க.