துவக்கும் தோட்டாவும்

சென்ற தவணையின் இறுதியில் எமது கல்லூரி மண்டபத்தில் மாணவர் விவாத அரங்கு ஒன்று நடைபெற்றது. பொதுமக்கள் எல்லா வகைத் தோட்டாக்களையும் வெடிபொருள்களையும் வைத்திருக்கச் சட்டம் இடங்கொடுத்தல் வேண்டும் என்பது விவாதப் பொருள். நடுவராக அமரும் பொறுப்பு எமக்கு வாய்த்தது. கரவெட்டியிலே பிறந்து வளர்ந்த ஒருவர் இப்பொருளைக் கேட்டு மனங்கலங்காதிருத்தல் அரிது. ஒருகாலத்தில் இவ்வூர் ஒழுங்கைகளிலும் தோட்டவெளிகளிலும் உதிர்ந்து கிடந்த வெற்றுக் கோதுகளைப் பனங்கொட்டை பொறுக்குவதுபோலப் பொறுக்கிய தலைமுறை எம்முடையது. எனினும், நடுவராய் அமர்ந்தவர் தமது நெஞ்சைச் சற்றே பூட்டிவைத்து இருபக்கமும் கேட்க வேண்டியவரன்றோ? கேட்டோம்.

ஆதரித்துப் பேசிய மாணவனுக்கு வயது பதினேழு. வன்னியிலே வயல் செய்யும் குடும்பத்தவன். படிப்பின் பொருட்டு மாமன் வீட்டில் தங்கியிருப்பவன். அவன் மூன்று வாதங்களை வைத்தான்.

முதலாவது, கமக்காரனின் வாதம். விதைத்ததைப் பன்றி கிண்டுகிறது. முளைத்ததை மயில் கொத்துகிறது. விளைந்ததை யானை மிதிக்கிறது. 2025 மார்ச் 15 ஆந் திகதி அரசாங்கமே குரங்கு, மயில் முதலியவற்றை நாடெங்கும் ஒரே வேளையில் எண்ண முற்பட்டதென்றால் துன்பம் எவ்வளவு முற்றியிருக்க வேண்டும் என்று வினவினான்.

இரண்டாவது, சரித்திர வாதம். இந்தியாவில் லிற்றன் பிரபுவின் ஆட்சியில் 1878 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம் இந்தியரை அனுமதிப்பத்திரத்துக்குக் காத்து நிற்க வைத்தது, ஐரோப்பியருக்கோ விலக்களித்தது. அகிம்சையைப் போதித்த காந்தியடிகளே அச்சட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். ஆகவே, ஆயுதத் தடை என்பது அடிமைப்படுத்தும் கருவியாகவும் ஆகலாம் என்றான்.

மூன்றாவதை அவன் தணிந்த குரலிலேயே சொன்னான். 1983 ஆம் ஆண்டு ஆடியிலே கையில் ஒன்றுமில்லாதிருந்தவர்களே வீடுகளோடு எரிந்தார்கள் என்றான். மண்டபம் அமைதியாயிற்று.

இவ்வாதங்கள் எவையும் எள்ளி நகையாடத் தக்கவையல்ல. ஒவ்வொன்றாக எடைபோடுவோம்.

மூன்றாவதிலிருந்து தொடங்குதல் நேர்மை. 1983 க்குப் பின் 2009 வரை எமது நிலத்தில் எவ்வகை வெடிபொருளுக்கும் பஞ்சம் இருந்ததில்லை. அரசாங்கத்திடம் இருந்தது, இயக்கங்களிடமும் இருந்தது. அக்காலத்தில் எந்த வீட்டுக்காரர் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாக உறங்கினார்? ஆயுதம் பெருகப் பெருக வலியவன் கையே மேலும் வலுத்தது. எளியவன் முற்றத்திற் பதுங்குகுழி வெட்டினான். 1971 சித்திரைக் கிளர்ச்சியின்போது தெற்கிலே கிராமத்து வீடுகளில் இருந்த வேட்டைத் துவக்குகளைக் கிளர்ச்சியாளர் பறித்துச் சென்றதையும் நினைத்துப் பார்க்கலாம். வீட்டில் வைத்த ஆயுதம் வீட்டுக்காரனிடமே நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை. 1983 இல் வேண்டியிருந்தது வீட்டுக்கொரு தோட்டாப் பெட்டியன்று. சட்டத்தைக் காக்கக் கடமைப்பட்டோர் அக்கடமையைச் செய்திருத்தலே.

இரண்டாவது வாதத்தில் உண்மை உண்டு. ஆனால், 1878 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெருங்குற்றம் ஆளுக்கொரு நீதி வகுத்தமையே. அதற்கு மாற்று எல்லார்க்கும் ஒரே நீதி வகுத்தலேயன்றி, எல்லார்க்கும் எல்லா வெடிபொருளும் கொடுத்தலன்று.

இனி, முதலாவது. கமக்காரனுக்குத் துவக்குத் தேவை என்பதை எமது நாட்டுச் சட்டம் மறுக்கவில்லை. துப்பாக்கிகள் பற்றிய 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று, ஆண்டுதோறும் அதைப் புதுப்பித்து, பயிரைக் காக்க வேட்டைத் துவக்கு வைத்திருக்கலாம். வெடிபொருள்களை 1956 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கைக்குண்டு முதலியவற்றை 1966 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, பன்றியை விரட்டும் தோட்டாவுக்கு வழி இருக்கிறது. விவாதத்தில் எம்மை நிறுத்தியது "எல்லா வகை" என்ற சொல்லே.

வகை என்பது சிறு விஷயமன்று. 1868 ஆம் ஆண்டில் புனித பீற்றர்ஸ்பேர்க் நகரிலே கூடிய நாடுகள், 400 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள வெடிக்கும் குண்டுகளைப் போரிற் பயன்படுத்துவதில்லை என்று உடன்பட்டன. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையிலே உருவாகி அவ்வூரின் பெயரையே பெற்ற, உடலினுட் சென்று விரியும் ரவையை 1899 ஆம் ஆண்டு ஹேக் மாநாடு விலக்கியது. பிரித்தானியா 1907 வரை அதற்கு இணங்கவில்லை. போர்க்களத்தில் எதிரிக்குக்கூட ஆகாதென்று உலகம் ஒதுக்கிய வகைகளும் உண்டு என்பதை மாணவர் அறிதல் நன்று. மறுபுறம், விலங்கு துடிக்காமல் விரைவில் மாளும் என்ற காரணத்தால் அதே விரியும் ரவையை வேட்டைக்காரருக்குச் சில நாடுகள் அனுமதிக்கின்றன. ஆகையால் வகையை மட்டுமன்றி, எதன் பொருட்டு, எவர் கையில் என்பதையும் சேர்த்தே சட்டம் நோக்குகிறது.

எமது நாட்டிலோ, கட்டுப்பாட்டுக்கு அடங்காத வகைகளின் கொடுமையை யானைகள் அறியும். ஹக்கபட்டாஸ் என்று சொல்லப்படும் வெடியை உணவுக்குள் மறைத்துக் காட்டோரம் வைக்கிறார்கள். பன்றிக்கென்று வைத்ததை யானைக்கன்று கடிக்கிறது. தாடை சிதறிய அது உண்ண முடியாமல் நாட்கணக்காகப் பசித்து மாள்கிறது. வைத்தவன் வீட்டில் உறங்க, வெடி தானே இரையைத் தேர்ந்துகொள்கிறது.

இவ்விடத்திற் சொந்த நினைவொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1987 வைகாசி இறுதியில் வடமராட்சியிற் பெரும் இராணுவ நடவடிக்கை நடந்தபோது எமக்கு ஏழு வயது. கோயிலிலே தஞ்சமிருந்து வீடு திரும்பியபின், பிள்ளைகளாகிய நாம் கோதுகள் பொறுக்கிச் சேர்த்தோம். எவரிடம் கூடுதலாக உண்டு என்பதே அந்நாளைய போட்டி. எம்மிலும் இரண்டு வயது மூத்த அயல்வீட்டுப் பையன் ஒருவன் வெடிக்காத தோட்டா ஒன்றைக் கண்டெடுத்தான். பித்தளை மட்டும் வேண்டுமென்று கல்லின்மேல் வைத்துத் தட்டினான். வலக்கையின் இரண்டு விரல்கள் போயின. பின்னர் அவன் இடக்கையால் எழுதப் பழகினான். அந்தத் தோட்டா எத்தரப்பினருடையது என்று ஊரார் பலநாள் விவாதித்தார்கள். விடை கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் விரல் வந்திராது.

துவக்குக்கும் தோட்டாவுக்கும் உள்ள வேற்றுமையை நாம் அன்றே கற்றோம். துவக்குக்கு இலக்கம் உண்டு, அனுமதிப்பத்திரம் உண்டு, அதைப் பிடித்த கைக்கு ஒரு பெயர் உண்டு. தோட்டாவோ கையை விட்டகன்ற கணமே உடையவனற்றதாகிறது. ஆனால் அதன் வேலை மட்டும் முடிவதில்லை. முகமாலையில் போர் முடிந்து பல்லாண்டு கழிந்த பின்னும் மிதிவெடி அகற்றுவோர் முழந்தாளிட்டு மண்ணைச் சாண்சாணாகக் கிளற வேண்டியிருந்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 ஆம் ஆண்டு மார்கழியில் இணைந்தது. எந்த வகை வெடிபொருள் ஆகாது என்ற வரம்பு பொதுமக்களை மட்டுமன்றி அரசாங்கத்தையும் கட்ட வேண்டும் என்பதற்கு அஃது ஓர் உதாரணம். வரம்பு ஒருபக்கத்துக்கே உரியதானால், அம்மாணவன் காட்டிய 1878 ஆம் ஆண்டுக் குற்றம் மீண்டும் வரும்.

பாரதக் கதையிலே துரோணர் தம் மகன் அசுவத்தாமனுக்குப் பேரத்திரத்தை மனமின்றியே கற்பித்தார். மனிதர்மேல் ஏவலாகாது என்று கட்டளையும் இட்டார். போர் முடிந்தபின் அவன் சினத்தால் அதை ஏவினான்; அருச்சுனனும் எதிர் ஏவினான். முனிவர்கள் இடைநின்று தடுத்தபோது அருச்சுனன் தன் அத்திரத்தை மீட்டுக்கொண்டான். அசுவத்தாமனுக்கு ஏவத் தெரிந்தது, மீட்கத் தெரியவில்லை. இறுதியில் அது உத்தரையின் வயிற்றிலிருந்த சிசுவையே தேடிச் சென்றது. மீட்க அறியாதவன் கையில் எல்லா அத்திரமும் இருக்கலாமா என்ற வினாவையே எமது மாணவரும் விவாதித்தனர்.

எமது துணிபு இதுவே. பெயர் சொல்லக்கூடிய தேவை எவ்வளவோ அவ்வளவே உரிமை. கமக்காரனுக்கு வேட்டைத் துவக்கும், அதற்கேற்ற தோட்டாக்களும், எண்ணிக் கொடுத்து எண்ணிக் கணக்குக் கேட்கும் முறையும் இருக்கட்டும். சுவிற்சர்லாந்திலே படைவீரர் துவக்கோடு முத்திரையிட்ட ரவைப் பெட்டியையும் வீட்டில் வைத்திருந்தனர்; 2007 ஆம் ஆண்டில் ரவைகளை மட்டும் களஞ்சியத்துக்கு மீளப்பெறத் தீர்மானித்தார்கள். ஆளையும் பகையையும் பிரித்தறியாத வகைகள், உடையவன் உறங்கும்போதும் விழித்திருக்கும் வகைகள், எவர் வீட்டிலும் வேண்டா.

எதிர்த்துப் பேசிய அணிக்கே வெற்றியளித்தோம். அரங்கு கலைந்தபின் அம்மாணவன் எம்மிடம் வந்து, "அப்ப எங்கட வயலை ஆர் காக்கிறது, சேர்?" என்று கேட்டான். சட்டம் உண்டு என்று சொல்லித் தப்புவது எமக்கே கூச்சமாயிருந்தது. தோட்டாவுக்கு எல்லை வகுக்கும் அரசாங்கம், உரிய அனுமதிப்பத்திரத்தைத் தாமதமின்றி வழங்கவும், வேலி அமைத்துக் கொடுக்கவும், அழிந்த பயிருக்கு நட்டஈடு தரவும் கடமைப்பட்டது. இவற்றைச் செய்யாமல் தடையை மட்டும் விதித்தால், ஹக்கபட்டாஸ் வைக்கும் கையை அதுவே வளர்க்கும். இதையே அவனுக்குச் சொன்னோம். அரைமனதோடு தலையசைத்தான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தோட்டங் கொத்தும்போதோ கிணறு இறைக்கும்போதோ துருப்பிடித்த இரும்பு எதுவும் அகப்பட்டால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள். நீங்களும் தட்டிப் பாராதீர்கள். இடத்தை அடையாளமிட்டுக் கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். நவராத்திரியில் நாம் பூசைக்கு வைக்கும் மண்வெட்டியும் கத்தியும் புத்தகமும் மறுநாள் எம் கைக்கே திரும்புபவை. திரும்பாதவற்றை வீட்டு வாசலுக்கு அப்பாலேயே நிறுத்துவோம்.