எலிக்குப் பலித்தது

சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். நெடுநாளாகப் பெருங்குடல் அழற்சியால் அவதிப்படுகிறவர். தோலிலும் அவ்வப்போது தடிப்பு, அரிப்பு.

"ஸார், டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு நேற்றோடு முழுக்கு!" என்று உற்சாகமாகச் சொல்லி, ஃபிரிஜ்ஜிலிருந்து ஒரு சின்னஞ்சிறு புட்டியை எடுத்துக் காட்டினார். தபாலில் தருவித்தாராம். கே.பி.வி. என்ற பெப்டைடு.

பெப்டைடு என்றதும் மிரள வேண்டாம். புரதத்தை ஒரு மணிமாலை என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து அறுந்த சிறு துண்டுதான் பெப்டைடு. அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இருக்கிறதல்லவா? அந்தப் பாலை வாங்கி நீங்கள் உறை ஊற்றினால், இரவோடு இரவாக நுண்ணுயிர்கள் பாலின் புரதத்தை நறுக்கி இத்தகைய துண்டுகளை உண்டாக்கிவிடுகின்றன.

கே.பி.வி.யில் லைசின், புரோலின், வேலின் என்று மூன்றே மணிகள். தோலுக்குக் கருமை தரும் ஹார்மோன் ஒன்று நம் உடம்பிலேயே சுரக்கிறது. அதன் வால் நுனிதான் இது. 2008-ல் அமெரிக்காவில் எமரி சர்வகலாசாலை விஞ்ஞானிகள் இதைக் குடிநீரில் கலந்து, குடல் அழற்சி கண்ட எலிகளுக்குக் கொடுத்தார்கள். அழற்சி குறைந்தது!

காரணம் சுவையானது. சிறுகுடலில், இரண்டு மூன்று மணிகள் கொண்ட துண்டுகளை உள்ளே அழைத்துக்கொள்ளும் வாசல்கள் உண்டு. பெருங்குடலில் அவை அரிது. ஆனால் அழற்சி வந்தால் அங்கேயும் திறந்துகொள்கின்றன. நோய் திறந்த வாசல் வழியாகவே மருந்து நுழைகிறது!

எல்லாம் சரி. ஆனால் மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாள் கொடுக்கலாம், என்ன கெடுதல் வரும் என்பதையெல்லாம் பல நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து முடிவு கட்டியாகவில்லை.

புட்டியின் மேல் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. சிநேகிதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்: "ஆராய்ச்சிக்கு மட்டும். மனிதர் உபயோகத்துக்கு அல்ல."

"அப்படியானால் நான்தான் எலியா?" என்றார்.

"எலிக்காவது பக்கத்தில் விஞ்ஞானி இருந்தார். உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்றேன். அவருடைய மனைவி சிரிக்கவில்லை. டாக்டருக்கு டெலிபோன் செய்யப் போய்விட்டார்.

வாசகர்களே! இந்த ஆராய்ச்சி நல்ல ஆராய்ச்சி. நாளைக்கே அது மருந்தாகலாம். அதுவரை புட்டி வாங்குமுன் பொடி எழுத்தைப் படியுங்கள். தயிர் நல்ல உணவு. அதையும் மருந்தாக நினைத்துவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். அடங்கியிருக்கும் குடல் நோய் அப்போதுதான் மறுபடி சீறி எழக்கூடும்.