வெளிச்சமும் மறைவும்

சென்னையில் ஏதேனும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பகல் பதினொரு மணிக்குச் சென்று பாருங்கள். வெளியே சூரிய பகவான் கொஞ்சமும் லோபமின்றி வெளிச்சத்தை வாரி இறைத்துக் கொண்டிருப்பார். உள்ளேயோ, ஜன்னல் கதவுகளைச் சாத்திக் கனத்த திரையையும் இழுத்துவிட்டு, மின்சார விளக்கின் கீழே குழந்தை பாடம் படித்துக் கொண்டிருக்கும். காரணம் கேட்டால் வீட்டு அம்மாள் எதிர்ப்புறத்தைச் சுட்டிக் காட்டுவார். பதினைந்து அடிக்கு அப்பால் அடுத்த கட்டடத்தின் ஜன்னல். அதில் யாரோ ஒருவர் நிற்கிறார். அவர் பொல்லாதவர் அல்ல. பாவம், காற்றுக்காக நிற்கிறவர். ஆனாலும் நம் வீட்டுக்குள் நாம் நிம்மதியாக உட்கார முடியவில்லை.

ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சங்கடம் காலையிலும் மாலையிலும் சிறிது நேரந்தான். நாள் முழுவதும் வீட்டிலேயே இருக்கும் ஸ்திரீகளும், வயோதிகர்களும், குழந்தைகளுமே வெளிச்சத்தைக் கொடுத்து மறைவை வாங்க வேண்டியவர்களாயிருக்கிறார்கள். இது அவசியமில்லாத வியாபாரம். இரண்டும் ஒன்றாகவே கிடைக்கும் என்பதுதான் இவ்வாரம் நான் சொல்ல வந்த விஷயம்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். பழைய வீட்டின் தெருப்பக்கத்து ஜன்னல்கள் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைவு. ஆயினும் வீடு இருண்டு கிடக்கவில்லை. நடுவிலிருந்த முற்றத்தின் வழியே வானமே வீட்டுக்குள் இறங்கி வந்தது. வெளிச்சம் மேலிருந்து வரும். மனிதர் பார்வையோ பக்கவாட்டில் வரும். முற்றம் கட்டியவர்கள் முன்னதற்கு வழிவிட்டுப் பின்னதை அடைத்தார்கள். அடுக்குமாடியில் முற்றத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு ஒவ்வொரு ஜன்னலிலும் இடமுண்டு.

சாதாரணமாக நம் வீடுகளில் ஜன்னலின் அடி விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய மூன்று அடியிலும், மேல் விளிம்பு ஏழு அடியிலும் இருக்கும். ஐந்தரை அடி உயரத்தில் குறுக்கே ஒரு கம்பியைப் பொருத்தி, அதிலிருந்து கீழ்நோக்கித் திரையைத் தொங்கவிடுங்கள். நம் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும் வீடுகளிலிருந்து பார்ப்பவர்களுக்கு, அதிகம் போனால் நம் கூரையும் மின்விசிறியுமே தென்படும். மேலே திறந்திருக்கும் ஒன்றரை அடி சிறிதென்று எண்ண வேண்டாம். அறையின் உட்புறம் வரை எட்டுவது உயரத்திலிருந்து வரும் வெளிச்சமே. ஜன்னலை முழுதும் மூடிவிடுவோர் எதை இழக்கிறார்கள் தெரியுமா? வெளிச்சத்தை அளக்கும் அலகுக்கு லக்ஸ் என்று பெயர். மேகம் மூடிய பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். கூடத்து விளக்கின் கீழே பெரும்பாலும் சில நூறுதான்.

எதிர் வீடு நம்மைவிட உயரமாயிருந்தால், பார்வை மேற்பகுதி வழியாகவே சரிந்து இறங்கும். அங்கே திரைக்குப் பதில் கண்ணாடி உதவும். கடைக்காரர்கள் 'பின்ஹெட்' என்று சொல்லும் புள்ளி புள்ளியான கண்ணாடியோ, சொரசொரப்பாக்கிய மங்கல் கண்ணாடியோ, வெளிச்சத்தைத் தடுப்பதில்லை. அதைச் சிதற அடிக்கின்றன. ஆகவே அறைக்குள் ஒளி பரவும். உருவங்கள் மட்டும் கலைந்துபோகும். வாடகை வீட்டில் கண்ணாடியை மாற்ற முடியாதவர்கள், அதே பலனைத் தரும் மங்கல் தாளை வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் ஞாபகமிருக்கட்டும்: சொரசொரப்பான பக்கத்தில் தண்ணீர் பட்டால் கண்ணாடி தெளிந்து, உள்ளே இருப்பது தெரியத் தொடங்கும். ஆகையால் அந்தப் பக்கம் மழை படாமல் அறையை நோக்கி இருக்க வேண்டும்.

சாய்க்கக்கூடிய பட்டைகள் கொண்ட வெனிஷியன் திரை மற்றொரு நல்ல சாதனம். பட்டைகளின் வெளிவிளிம்பு மேல்நோக்கியிருந்தால் வானம் உள்ளே வரும். சம மட்டத்துப் பார்வை தடைப்படும். மேல்மாடியிலிருந்து பார்க்கிறார்கள் என்றால் வெளிவிளிம்பைக் கீழ்நோக்கித் திருப்ப வேண்டும். கையிருப்புக் குறைந்தவர்களுக்கு மூங்கில் தட்டியும், பால்கனியில் படரவிட்ட ஒரு மல்லிகைக் கொடியும் போதும்.

இனி, மெல்லிய வலைத்திரையின் மர்மத்தைப் பார்ப்போம். பகலில் வெளியே வெளிச்சம் அதிகம், உள்ளே குறைவு. அதனால் உள்ளிருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியிலிருப்பவருக்கு வெள்ளைத் திரைதான் பளிச்சென்று தெரியும். ஜயப்பூரில் 1799-ல் ஸவாய் பிரதாப் சிங் மகாராஜா கட்டிய ஹவா மஹாலின் 953 ஜன்னல்களும் இந்தத் தத்துவத்தையே பயன்படுத்தின. அரண்மனைப் பெண்கள் தெருவைக் கண்டார்கள். தெரு அவர்களைக் காணவில்லை. ஆனால் மாலையில் விளக்கேற்றிய கணமே எல்லாம் தலைகீழாகிவிடும். உள்ளே ஒளி, வெளியே இருள். நம் கூடம் நாடக மேடையாகிவிடும். பாதரசம் பூசினாற்போல் மின்னும் ஒட்டுத்தாளுக்கும் இதே கதிதான். பகலில் அறையை இருட்டாக்குவது அதன் உபரிக் குற்றம். எனவே பகலுக்கு மெல்லிய திரை, இரவுக்குக் கனத்த திரை என்று இரட்டைக் கம்பி வேண்டும். சந்தேகமிருந்தால், இரவில் விளக்கைப் போட்டுவிட்டு வீட்டு எஜமானரே தெருவில் போய் நின்று தம் வீட்டைப் பார்க்கட்டும். ஒரு நிமிஷத்தில் உண்மை விளங்கிவிடும்.

'பார்க்கிறவன் பார்க்காமலிருக்கக் கூடாதா? நாம் ஏன் செலவழிக்க வேண்டும்?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி, நீதிமன்றங்களும் ஆராய்ந்த கேள்வி. ஊர் வழக்கம் அப்படியிருந்தால், அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைக் கெடுக்கும்படி ஒருவர் புது ஜன்னல் திறக்கக் கூடாது என்பதை, 1882-ஆம் வருஷத்து இந்திய ஈஸ்மெண்ட் சட்டமே உதாரணமாக எடுத்துக் காட்டுகிறது. லண்டனில் டேட் மாடர்ன் என்னும் கலைக்கூடம் 2016-ல் ஒரு பார்வை மாடம் திறந்தது. அங்கே வந்தவர்கள், எதிரேயிருந்த கண்ணாடிச் சுவர் வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள், படமும் பிடித்தார்கள். வீட்டுக்காரர்கள் வழக்காடினார்கள். 2019-ல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. வலைத்திரை போட்டுக்கொள்ளலாமே என்ற யோசனையும் சொல்லப்பட்டது. 2023-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், மூன்று நீதிபதிகள் ஒருபுறமும் இருவர் மறுபுறமுமாக, வீட்டுக்காரர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. திரை போடும் பாரத்தைப் பாதிக்கப்பட்டவர்கள் தலையில் சுமத்துவது நியாயமல்ல என்று கருதியது.

ஆயினும் நம் எதிர்வீட்டுக்காரர் பார்வை மாடம் நடத்துகிறவர் அல்ல. அவருக்கும் நம்மைப் போலவே ஒரு ஜன்னல்தான் இருக்கிறது. நம் வீட்டிலிருந்து அவர் வீடும் தெரிகிறது. நாம் போடும் திரை நம்மை அவரிடமிருந்து காப்பதுபோலவே அவரை நம்மிடமிருந்தும் காக்கிறது. இரண்டு வீட்டாரும் ஒரு மாலை சேர்ந்து பேசி, இருபுறமும் கம்பி பொருத்திக்கொண்டால், வழக்குமில்லை, மனஸ்தாபமுமில்லை. கட்டடம் கட்டுவோரும் எதிரெதிரே ஜன்னல் வைக்காமல் சற்றே விலக்கி வைத்தால் செலவு ஒன்றும் அதிகமாகாது. வீடு வாங்கப் போகிறவர்கள், தரைக்கு என்ன கல் என்று கேட்பதற்கு முன், ஜன்னலுக்கு எதிரே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது நலம்.

பகல் வெளிச்சத்துக்கு மின்சாரக் கட்டணம் இல்லை. அதை வாசலில் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது, ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு தண்ணீரை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பியும் நான்கு ஆணியும் வாங்கி, உங்கள் வீட்டு ஜன்னலை இரண்டாகப் பிரியுங்கள்: மேற்பாதி வானத்துக்கு, கீழ்ப்பாதி மரியாதைக்கு.