பலகைக்குக் கீழே இருக்கும் வேலை

ஒரு வீட்டின் பின்புறம் மரத்தளம் போட நான்கு பேர் கொண்ட குழு போதும். 'டெக்' என்று நாம் சொல்லும் அந்தத் தளம் இப்போது பினாங்கில் அடிக்கடி கண்ணில் படுகிறது. பாயான் பாருவில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நீச்சல் குளத்தைச் சுற்றிப் போட்டிருக்கிறார்கள். ஜார்ஜ்டவுன் காப்பிக் கடைகளின் முன்வாசலிலும் பத்து பெரிங்கி கடற்கரை விடுதிகளிலும் இருக்கிறது. அதில் உட்கார்ந்து படம் எடுத்துப் போடாத இளையோர் குறைவு. அதை யார் போட்டார்கள் என்று யோசித்தவர்கள் அதைவிடக் குறைவு.

அந்த நான்கு பேரின் வேலையை வரிசையாகப் பாருங்கள். முதலாமவர் அளந்து, குழி தோண்டி, தூண்களை நிறுத்துகிறார். இரண்டாமவர் தூண்களின் மேல் விட்டங்களைப் பூட்டுகிறார். மூன்றாமவர் அவற்றின் மேல் பலகைகளைப் பதித்துத் திருகாணி இறக்குகிறார். நான்காமவர் இழைத்துத் தேய்த்து எண்ணெய் பூசுகிறார். ஒவ்வொருவரும் தமக்கு முன்னால் செய்தவரின் வேலையை மூடிவிடுகிறார்கள். வீட்டுக்காரர் வந்து பார்க்கும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது கடைசி ஆளின் எண்ணெய்ப் பூச்சு மட்டுமே.

நல்ல தளத்தையும் கெட்ட தளத்தையும் பிரிக்கும் விஷயங்களில் பெரும்பாலானவை அந்தப் பூச்சுக்குக் கீழேதான் இருக்கின்றன. மரம் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். அதனால் பலகைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். செங்கால், பாலாவ் போன்ற கடின மரங்களில் முன்கூட்டியே துளை போடாமல் முனையருகே திருகாணியை இறக்கினால் பலகை பிளந்துவிடும். கடற்காற்று படும் இடத்தில் சாதாரண இரும்புத் திருகாணி துருப்பிடித்து மரத்தில் கறுப்புக் கறையை விடும். துருப்பிடிக்காத எஃகுதான் தாங்கும். பலகையை வெட்டிய முனை வழியாகத்தான் நீர் வேகமாக உள்ளே போகிறது, ஆகவே அந்த முனைக்குத் தனியாகப் பூச்சு கொடுக்க வேண்டும். மரத்தூணை நேராக மண்ணில் நட்டால் கறையானுக்கு நாமே ஏணி வைத்துக் கொடுத்ததாகும். வீட்டுச் சுவரோடு தளத்தைச் சேர்க்கும் விட்டத்தை போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அந்த இடத்தில் ஆணியை நம்பக்கூடாது. இத்தனையிலும் வீட்டுக்காரர் குனிந்து பார்த்தால் தெரியக்கூடியது பலகை இடைவெளி ஒன்றுதான்.

இப்போது நம் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடக்கும் குழுப்பணிக்கு வருவோம். ஆசிரியர் ஓர் இடுபணி கொடுக்கிறார். உடனே ஒரு புலனக் குழு தொடங்கப்படுகிறது. முன்னுரை ஒருவருக்கு, தரவு ஒருவருக்கு, படைப்பு ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்கிறோம். ஒப்படைக்க வேண்டிய நாளுக்கு முந்திய இரவு, பொறுப்புள்ள ஒருத்தி எல்லாவற்றையும் ஒட்டி, எழுத்தின் அளவைச் சரிசெய்து அனுப்பிவிடுகிறாள். முன்னுரை எழுதியவருக்கு முடிவுரையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அட்டையில் நான்கு பெயர்கள், எல்லாருக்கும் ஒரே மதிப்பெண். எஸ்.பி.எம். முடித்துப் பட்டப்படிப்பு வரை இப்படியே வந்தவர்கள் வேலைக்கான நேர்முகத்தில் 'எனக்குக் குழுவாகச் செயல்படத் தெரியும்' என்று துணிந்து சொல்கிறார்கள்.

இது குழுவேலை அல்ல, பங்கு பிரிப்பு. தாளில் பங்கு பிரித்தால் யாருக்கும் காயம் இல்லை. மரத்தளத்தில் பிரித்தால், ஆள் நடக்கும் இடத்துக்குக் கீழே ஓட்டை விழுகிறது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் மாண்டவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களின் வயதினர். 2015 ஜூன் 16ஆம் தேதி பின்னிரவில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் பிறந்தநாள் விருந்து ஒன்று நடந்துகொண்டிருந்தது. வந்திருந்தவர்களில் பலர் கோடை விடுமுறையில் வேலை செய்ய அயர்லாந்திலிருந்து வந்த மாணவர்கள். மேல்மாடத்தில் பதின்மூன்று பேர் நின்றிருந்தபோது அது சுவரோடு முறிந்து தொங்கியது. ஆறு பேர் இறந்தனர், ஏழு பேர் படுகாயமடைந்தனர். கட்டடத்துக்கு அப்போது பத்து வயதுகூட ஆகவில்லை. மாடத்தைத் தாங்கிய மர விட்டங்கள் உள்ளுக்குள் உளுத்துப் போயிருந்தன. மரத்துக்குள் ஈரம் சிக்கிக்கொண்டதே அழுகலுக்கு முதன்மைக் காரணம் என்று வட்டார அரசு வழக்கறிஞரின் விசாரணை முடிவு செய்தது. யார் மீதும் குற்றவியல் வழக்குத் தொடுக்கப்படவில்லை. கலிஃபோர்னியாவில் 2018இல் இயற்றப்பட்ட சட்டம், அடுக்குமாடிகளின் இத்தகைய வெளிமாடங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதிக்கக் கட்டாயப்படுத்துகிறது.

ஈரமான மரத்தை மூடினால் உளுக்கும் என்பது எந்தத் தச்சருக்கும் தெரிந்த சங்கதி. அறிவுப் பஞ்சத்தால் இப்படிப்பட்ட கட்டுமானம் விழுவதில்லை. தனக்கு முன்னால் இருப்பதை மூடுமுன் நின்று, 'இது மூடத் தயாராக இருக்கிறதா?' என்று கேட்கும் பழக்கம் இல்லாத இடத்தில்தான் விழுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பது யாருடைய வேலை என்று எழுதி வைக்காவிட்டால் அது யாருடைய வேலையும் இல்லை.

நம் நாட்டில் கட்டுமானத் தரத்தை மதிப்பிட, மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சி.ஐ.டி.பி.யிடம் 'கியூலாசிக்' என்ற முறை இருக்கிறது. முடிந்த கட்டடத்தில் சில பகுதிகளை மாதிரியாக எடுத்துப் புள்ளி போடுவார்கள். தரை என்றால், 1.2 மீட்டர் நீளத்தில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது என்ற அளவுக்கு நுணுக்கமான அளவுகோல்கள் உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது அதிலுள்ள வேறொரு விதி: முதல் தடவை பார்க்கும்போது என்ன இருக்கிறதோ அதற்குத்தான் புள்ளி. குறையைக் காட்டிய பிறகு ஓடிப்போய்ச் சரிசெய்தாலும் புள்ளி கூடாது. சரிசெய்யத்தான் வேண்டும், ஆனால் அதற்குப் பரிசு இல்லை. மறுதேர்வும் திருத்தத் தாளும் பழகிப்போன நமக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். முதல் தடவையே சரியாகச் செய்யும் குழுவுக்கும், யாராவது சுட்டிக்காட்டினால் மட்டும் செய்யும் குழுவுக்கும் ஒரே புள்ளி கொடுப்பதுதான் உண்மையான கொடுமை என்பேன்.

பாயான் பாருவில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து இங்கே பல குடும்பங்களில் அம்மாவோ அப்பாவோ அத்தையோ தொழிற்சாலையில் வேலை செய்திருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள். வரிசையில் அடுத்த மேசையில் இருப்பவர்தான் உங்கள் வாடிக்கையாளர், குறையுள்ள பொருளை அவரிடம் தள்ளிவிடக்கூடாது என்ற பாடத்தை அவர்கள் எப்போதோ கேட்டிருப்பார்கள். ஜப்பானியத் தர வல்லுநர் காவோரு இஷிகாவா பரப்பிய கருத்து அது. 1962இல் ஜப்பானில் தொடங்கிய தரக் கட்டுப்பாட்டு வட்டங்கள் இங்கேயும் வந்தன. மின்னணுச் சில்லுக்கு ஏற்ற பாடம் மரப்பலகைக்கும் ஏற்றதே. வேறுபாடு ஒன்றுதான்: தொழிற்சாலையில் அடுத்த மேசையில் சோதனைக் கருவி இருக்கும். மரத்தளத்தில் சோதனைக் கருவி என்பது பக்கத்தில் நிற்கும் கூட்டாளியின் கண்.

அந்தக் கண் வாய் திறக்க வேண்டும். நம்மவர்களுக்கு இதில்தான் தடுமாற்றம். வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரமான பையன், இருபது வருட அனுபவம் உள்ள மண்டோரைப் பார்த்து, 'அண்ணே, இந்த மூலையில ரெண்டு போல்ட்டுதான் இருக்கு, படத்துல நாலு போட்டிருக்கு' என்று சொல்ல முடியுமா? சொன்னால் அது மரியாதைக் குறைவா? பெரியவரைத் திருத்தக்கூடாது என்று வீட்டில் சொல்லித்தான் வளர்க்கிறோம். அதோடு மொழிச் சிக்கல் வேறு. ஒரே குழுவில் தமிழரும் சீனரும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் இருப்பார்கள், பேச்சு உடைந்த மலாயில் நடக்கும், வரைபடம் ஆங்கிலத்தில் இருக்கும். தலையாட்டிவிட்டுப் போவது எல்லாருக்கும் எளிது. ஒரு நிறுவனம் தன் குழுவிடம் நேரந்தவறாமை, சுத்தம், தலைக்கவசம் என்று நீண்ட பட்டியலை எதிர்பார்க்கலாம், எல்லாம் வேண்டியதுதான். ஆனால் சிறியவன் கேட்கும் கேள்விக்குப் பெரியவர் கையில் இருப்பதை வைத்துவிட்டு வந்து பார்ப்பார் என்ற ஒன்று அதில் இல்லையென்றால் மற்றவை அலங்காரம்.

முதலாளிகளையும் விட்டுவிட முடியாது. குத்தகை வேலையில் சதுர அடிக் கணக்கில் கூலி கொடுத்துவிட்டுத் தரத்தைப் பற்றிப் பேசுவது ஒரு வேடிக்கை. சதுர அடிக்குக் காசு என்றால், துளை போட்டுத் திருகாணி இறக்குபவன் குறைவாகவும், நேராக அடித்து முடிப்பவன் அதிகமாகவும் சம்பாதிப்பான். பிறகு பலகை பிளந்தால் கடைசியாகச் சேர்ந்தவன் தலையில் பழி விழும். தரம் வேண்டும் என்பவர்கள் அந்தத் தரத்துக்கான நேரத்தையும் விலையில் சேர்க்க வேண்டும். பொய்யான மலிவு விலையை எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்களான நம் வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு.

வாய் திறப்பது தரத்தோடு முடிகிற விவகாரமும் அல்ல. 2023 நவம்பர் 28ஆம் தேதி இரவு, பாயான் பாருவுக்குப் பக்கத்தில் உள்ள பத்து மாவுங்கில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஒரு கிடங்கின் விட்டங்கள் சரிந்தன. வங்காளதேசத் தொழிலாளர் மூவர் மாண்டனர். கட்டுமானம் சரிந்தால் முதலில் அடிபடுவது அங்கே நிற்கும் தொழிலாளிதான். வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்தன. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளியிடம் சொல்லியும் அவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு இப்போது சட்டப்படி உரிமை உண்டு. கடமை தவறும் முதலாளிக்கு அபராதம் 5 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். பகுதிநேரமாகக் கட்டுமான வேலைக்குப் போகும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சி.ஐ.டி.பி.யின் பச்சை அட்டை வாங்க ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போவீர்கள். அங்கே இந்த உரிமையைப் பற்றிக் கேளுங்கள்.

திவெட் கல்வி பற்றிய விளம்பரங்களில் 'வேலை உறுதி' என்ற சொல்லே பெரிய எழுத்தில் வருகிறது. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். மூன்றாம் நிலை வரை படித்து, பிறகு டிப்ளோமாவுக்குப் போக வழி இருக்கிறது. நல்ல வழிதான், கைத்தொழிலைத் தாழ்வாக நினைக்கும் பெற்றோருக்கும் இதைச் சொல்ல வேண்டும். ஆனால் வேலை கிடைக்கும் என்று மட்டும் சொல்லி இளையோரை அழைப்பது, சாப்பாடு உண்டு என்று மட்டும் சொல்லிக் கல்யாணத்துக்கு அழைப்பது போல. தன் கையால் போட்ட தளத்தில் பத்து வருடம் கழித்தும் ஒரு குழந்தை ஓடும் என்ற பெருமையைச் சொல்லி அழைக்கலாமே.

வகுப்பறையில் இதைப் பழக்கப் புதிய பாடநூல் தேவையில்லை. ஆசிரியர்கள் குழு இடுபணியை வாங்கும்போது, ஒவ்வொரு மாணவரிடமும் அவர் எழுதாத பகுதியைப் பற்றிக் கேட்கலாம். முன்னுரை எழுதியவர் தரவை விளக்கட்டும், தரவு சேர்த்தவர் முடிவுரைக்குப் பதில் சொல்லட்டும். பதில் வராவிட்டால் நால்வருக்கும் புள்ளி குறையட்டும். தொழிற்கல்லூரிகளில் பட்டறை வேலைக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: ஒருவர் வேலையை அடுத்தவர் மூடுமுன் படம் எடுத்து, எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் போட்டுக் கோப்பில் வைக்க வேண்டும். மூடியது யார் என்று தெரிந்தால், மூடுமுன் பார்க்கும் கண் தானாக வரும். முதல் மாதம் முணுமுணுப்பு இருக்கும். கைப்பேசி எல்லார் சட்டைப்பையிலும் இருக்கும்போது, படம் எடுக்க நேரமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது.