இலை மட்டும் கூடவே வந்தது

ராஜா அண்ணாமலைபுரத்தில் காலை ஆறு மணிக்குத் தெருவில் இறங்கினால் ஓர் ஊர்வலத்தைப் பார்க்கலாம். காதைச் சுற்றி மப்ளர், காலில் கான்வாஸ் செருப்பு, கையில் குடையோ கைத்தடியோ. பெரியவர்கள் நடக்கிறார்கள். நடக்கிறார்கள் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன். ஒரு குறுக்குத் தெருவில் புறப்படும் நடை அடுத்த முனையில் சிநேகிதரைக் கண்டதும் நின்றுவிடும். அரை மணி நேரம் தேச விவகாரம். பிறகு ஹோட்டலில் ஒரு பொங்கல், ஒரு வடை, சர்க்கரை போடாத காப்பி. அந்தச் சர்க்கரை போடாத காப்பி மிகவும் முக்கியம். பொங்கலில் மிதந்த நெய்க்கு அதுதான் பிராயச்சித்தம்!

இந்த ஊர்வலத்தில் என் நண்பரும் ஒருவர். வயது எழுபத்து மூன்று. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்து, பட்டணத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மகனோடு மூன்றாவது மாடியில் வாசம். சென்ற மாதம் டாக்டர் அவர் இடுப்பை நாடாவால் அளந்தாராம். நூற்றெட்டு சென்டிமீட்டர்.

"நூத்தெட்டு! அர்ச்சனைக்கு உகந்த எண்தானே சார்" என்று சிரித்தார்.

நம் நாட்டு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினாலே ஆபத்து என்று வைத்தியர்கள் வரம்பு கட்டியிருக்கிறார்கள். அதைச் சொன்னேன். அவ்வளவுதான், தாத்தாவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான் சாப்பிட்டார். நெய்யைக் கரண்டியால அளக்க மாட்டார், கிண்ணியோட கவுப்பார். தொண்ணூறு வயசு வரை கல்லு மாதிரி இருந்தார். இதெல்லாம் நம்ம பழைய சாப்பாடு சார். இதனாலயா வியாதி வரும்?"

இந்தத் தாத்தாவோடுதான் எனக்குச் சண்டை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் அடையாற்றிலும் எந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஒரு கரண்டி போடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்தத் தாத்தா இருட்டோடு எழுந்து ஆற்றுக்கு நடந்தார். வயலுக்கு நடந்தார். அடுத்த ஊர்க் கல்யாணத்துக்கும் நடந்தார். அவர் தின்ற அரிசியைப் பாட்டி உரலில் குத்தினாள். தவிடு முழுவதும் போகாத அரிசி அது. கிணற்றில் நீர் இறைத்தவளும், ஆட்டுக்கல்லில் மாவரைத்தவளும் அவளே. தாத்தா மிராசுதாராக இருந்தால் கதை வேறு. உழைத்தது பண்ணையாள், உண்டது தாத்தா. அந்தத் தாத்தாவுக்கும் தொந்தி இருந்தது. அதற்கு ஊரார் வைத்த பெயர் செல்வாக்கு. தொண்ணூறு வரை இருந்தவரைத்தான் நாம் சாட்சிக்கு அழைக்கிறோம். நாற்பதில் போன அவருடைய தம்பிகளை யாரும் அழைப்பதில்லை. நாடு சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32 வருஷந்தான். அம்மையும் காலராவும் காய்ச்சலும் சிசுக்களின் சாவும் அந்தக் கணக்கில் பெரும் பங்கு என்பது உண்மையே. ஆனால் பழைய சாப்பாட்டுக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுத அந்தக் காலத்தைக் கூப்பிடுவது எந்த நியாயம்?

ஊரை விட்டு வந்தவர்கள் ஆற்றை விட்டார்கள், கிணற்றை விட்டார்கள், உரலையும் ஆட்டுக்கல்லையும் விட்டார்கள். இலை மட்டும் கூடவே வந்தது. அதிலும் பாதிதான். கீரையும் கேழ்வரகும் வழியிலேயே தங்கிவிட்டன. சோறும் நெய்யும் பட்சணமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. பழைய சாப்பாடாம்!

இது கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு வந்தவர் கதை மட்டுமன்று. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து லண்டனின் மேற்குப் பகுதியில் குடியேறி நடுவயதும் முதுமையும் அடைந்தவர்களை அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் சோதித்து, 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். வெள்ளைக்காரர்களில் நூற்றுக்கு 4 பேருக்கு நீரிழிவு. நம்மவர்களில் 19 பேருக்கு. நம்மவர்களின் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே குடியேறியிருந்தது. 2004-இல் புனாவைச் சேர்ந்த யாஜ்னிக் என்ற டாக்டரும் லண்டனைச் சேர்ந்த யுட்கின் என்ற டாக்டரும் சேர்ந்து நின்று ஒரு படம் வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பிலிருந்த கொழுப்போ, லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனாக்காரருக்கு 21.2! பார்வைக்கு ஒல்லியாக இருந்துகொண்டே கொழுத்திருக்கும் வித்தை நமக்குத்தான் தெரியும். "நான் என்ன குண்டா?" என்று கேட்கும் பெரியவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அரிசிக்கு வருவோம். அரிசி என்றாலே சீனர் நினைவு வரும். இருபத்தொரு நாடுகளில் சுமார் 1,32,000 பேரைப் பல வருஷம் கவனித்து, 2020-இல் வந்த ஆராய்ச்சி வேறு விதமாகச் சொல்கிறது. சீனர் உண்ட சோறு நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிராம். தெற்காசியர் உண்டது 630 கிராம். தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றுக்கும் நீரிழிவுக்கும் உள்ள தொடர்பு எங்கேயும்விட நம்மிடந்தான் பலமாக இருந்தது. சீனரிடம் அது சொல்லும்படியாகவே இல்லை. அவர்களுக்குச் சோறு துணை; நமக்கு அதுவே ராஜா. குழம்பும் கறியும் ராஜாவைக் கீழே இறக்குவதற்கு வந்த சேவகர்கள். சாம்பாருக்கு ஒரு மலை, ரசத்துக்கு ஒரு மலை, மோருக்கு ஒரு மலை. பக்கத்தில் மிளகளவு பொரியல். இப்படி உண்டுவிட்டு, லட்டை மட்டும் ஒதுக்கி, "நான் இனிப்பே தொடறதில்லை" என்று பிரகடனம் செய்கிறோம்.

சரி, முதியவர்கள் நாக்கு ருசிக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று இளையவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். என் கோபத்தில் பெரும் பகுதி அவர்கள் மேல்தான். அப்பா கடைக்குப் போகக் கிளம்பினால், "நீங்க உக்காருங்கப்பா, போன்ல சொன்னா வந்துடும்" என்கிறான் மகன். அம்மா துணி உலர்த்தப் போனால், "வேலைக்காரி இருக்காளே அம்மா" என்கிறாள் மருமகள். இரண்டு மாடி ஏற லிப்ட். நான்கு தெரு தள்ளியுள்ள கோயிலுக்குக் கார். மரியாதை என்ற பெயரில் கை கால்களைப் பிடுங்கிக்கொண்டு, அன்பு என்ற பெயரில் இலையை நிரப்பி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "வாயைக் கட்ட மாட்டீங்களா?" என்று அதட்டுவது! ஒரு மனிதரை நாற்காலியில் கட்டிவைத்து ஊட்டியது யார்?

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் ஆண்களில் 12 பேருக்கும் வயிற்றுப் பருமன் இருந்தது. இது ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கு. அதற்கு மேல் குறையும் என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டில் கடைசியாக உட்காருகிறவள் எப்படிப் பெருத்தாள்? பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததால் பெருத்தாள். பேரன் வைத்த அரை இட்லி, இரண்டு கரண்டிச் சோறு, அடியில் நின்ற பாயசம். "கொட்டுவானேன்?" என்று எல்லாம் அவள் வயிற்றுக்கு. பஞ்சத்தைக் கேட்டும் பார்த்தும் வளர்ந்தவளுக்கு அன்னத்தைக் கொட்டுவது பாவம். வயிறு குப்பைத் தொட்டி ஆவது பாவமில்லை போலும்! போதாததற்கு விரதம். அமாவாசை இரவும் சனிக்கிழமை இரவும் சோறு தொட மாட்டாள். அதற்குப் பதிலாக ஆறு இட்லி, அல்லது நெய் விட்ட உப்புமா, அல்லது வெண்ணெயோடு மூன்று அடை. பலகாரம் என்பது பட்டினியில் சேர்த்தி!

இதையெல்லாம் நண்பர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். (எனக்கும் இலை நிறையத்தான் போட்டிருந்தார்கள்.) அந்த அம்மாளைப் பார்த்து, "நாளையிலிருந்து நீங்கள் முதல் பந்தியில் உட்காருங்கள்" என்றேன்.

"நான் முதல்ல உக்காந்தா மிச்சத்தை யார் சாப்பிடறது?" என்றார் அவர்.

"உலையில் போடும்போதே ஓர் ஆழாக்குக் குறைத்துப் போடுங்களேன்."

அவர் என்னை ஒரு விதமாகப் பார்த்தார். "நல்லா இருக்கே! சொல்லாம கொள்ளாம யாராவது வந்துட்டா?"