சிறைக்கு வெளியே தண்டனை: சென்னையின் மேற்குப் புறநகரில் நன்னடத்தை மேற்பார்வையும் சமூக சேவையும் குறித்த நிலைப்பாடு

2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, மரணம், ஆயுள் சிறை, சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம் என்னும் பழைய ஐந்து தண்டனை வகைகளோடு சமூக சேவையை ஆறாவது வகையாகத் தன் 4ஆம் பிரிவில் சேர்த்துள்ளது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் சட்ட உதவிப் பணியில் ஈடுபட்டுள்ள இவ்வமைப்பு இம்மாற்றத்தை மனமார வரவேற்கிறது. எனினும், இத்தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு யாரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது சீர்திருத்தமாகவோ வெறும் அவமதிப்பாகவோ அமையும். அப்பொறுப்பு நீதிமன்றத்தின் ஆணைக்குட்பட்ட நன்னடத்தை அலுவலரிடம் இருக்க வேண்டும், காவல் நிலையத்திடம் இருக்கக் கூடாது என்பதும், புதிய தண்டனையைப் பேசுவதற்கு முன்பே 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இவ்வட்டார நீதிமன்றங்களில் முழுமையாகப் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதும் இவ்வமைப்பின் நிலைப்பாடு.

குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பாமல், அவர் வாழும் ஊரிலேயே, அவருடைய தொழிலும் குடும்பமும் குலையாத வகையில், நீதிமன்றம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்படுத்தித் திருத்த முயல்வதே சமூகம் சார்ந்த சீர்திருத்தம் எனப்படுகிறது. இதன் தொடக்கம் 1841இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த ஜான் அகஸ்டஸ் என்னும் செருப்புத் தொழிலாளியிடம் காணப்படுகிறது. குடித்துவிட்டு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒருவருக்குத் தாமே பொறுப்பேற்றுக்கொண்டு, சில வாரங்களில் அவரைத் திருந்தியவராக நீதிபதியின் முன் மீண்டும் நிறுத்திய அவருடைய செயலே பின்னர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1878இலும், இங்கிலாந்தில் 1907இலும் சட்டமாக வடிவெடுத்தது. பொது இடத்தில் குடிபோதையில் தகாத முறையில் நடந்துகொள்வோருக்கு இன்று நம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 355ஆம் பிரிவும் சமூக சேவையை விதிக்க இடமளிப்பதை நோக்கினால், இம்முறை தான் தொடங்கிய இடத்தையே வந்து தொட்டிருப்பது புலப்படும்.

இந்தியாவில் 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் தன் 562ஆம் பிரிவில் முதன்முறைக் குற்றவாளிகளை நன்னடத்தை உறுதியின்பேரில் விடுவிக்க வழி செய்திருந்தபோதிலும், விடுவிக்கப்பட்டவரைத் தொடர்ந்து சந்தித்து வழிகாட்டும் அலுவலர் எவரையும் அது ஏற்படுத்தவில்லை. சென்னை மாகாணத்தில் அதிகாரியாகப் பணியாற்றிய சர் அலெக்சாண்டர் கார்டியூவின் தலைமையில் 1919-20இல் இயங்கிய இந்தியச் சிறைகள் குழு, சிறையின் நோக்கம் அச்சுறுத்துவதோடு நின்றுவிடாமல் திருத்துவதாகவும் இருக்க வேண்டும் என வலியுறுத்தியது. இத்துறையில் சென்னை மாகாணம் பிற மாகாணங்களுக்கு முன்னோடியாக இருந்தது என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்திருப்பது நன்று. 1920இல் சிறுவர் சட்டமும், 1925இல் இளங்குற்றவாளிகளைத் தனியே வைத்துப் பயிற்றுவிக்கும் பார்ஸ்டல் பள்ளிச் சட்டமும், 1936இல் தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டமும் இம்மாகாணத்தில் இயற்றப்பட்டன. நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல் வந்தபோது, சென்னைக்கு அது ஏற்கெனவே பழகிய துறையாகவே இருந்தது.

ஆனால், இதே மாகாணத்தில் குற்றவாளிகளை அவர்தம் ஊரிலேயே கட்டுப்படுத்தி வைக்கும் வேறொரு முறையும் இதற்கு இணையாக நடந்துவந்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கி, 1911ஆம் ஆண்டின் சட்டத்தால் சென்னை மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்ட குற்றப் பரம்பரையினர் சட்டம், மக்கள் வழக்கில் கைரேகைச் சட்டம் எனப்பட்டது. தனிமனிதர் செய்த குற்றத்திற்காக அல்லாமல், பிறந்த சாதிக்காகவே ஆயிரக்கணக்கானோரின் ரேகையைப் பதிந்து, இரவில் அவர்களை ஆஜராகச் சொல்லி, ஊர்விட்டு ஊர் செல்ல ராத்திரிச் சீட்டு வாங்கவைத்தது அச்சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. சிறைக்கு வெளியே நடப்பது என்பதனாலேயே ஒரு கட்டுப்பாடு மனிதநேயம் உடையதாகிவிடாது என்பதற்கு இவ்வரலாற்றைவிட வலுவான சான்று தேவையில்லை. திருத்துவதற்காக ஒருவரோடு தொடர்பில் இருப்பதும், சந்தேகத்தின்பேரில் ஒருவரைக் கண்காணிப்பதும் வெவ்வேறு செயல்கள். முன்னதற்குக் காலவரையறையும், நீதிமன்ற ஆணையும், மேல்முறையீடும் உண்டு. பின்னதற்கு இவை மூன்றும் பெரும்பாலும் இருப்பதில்லை.

இவ்வேறுபாடு ஆவடி வட்டாரத்திற்கு நேரடியாகப் பொருந்தும். 2022 ஜனவரி 1 முதல் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை ஆவடி காவல் ஆணையரகத்தின் கீழ் இயங்குகின்றன. வழக்கமான குற்றவாளிகள் எனக் கருதப்படுவோரிடம் நன்னடத்தைக்கான உறுதிப் பத்திரம் பெறும் அதிகாரம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவில் நிர்வாக நடுவருக்கு அளிக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் 2013, 2014ஆம் ஆண்டுகளின் அரசாணைகள் வழியே அவ்வதிகாரம் காவல் துணை ஆணையர்களின் கைக்கு வந்தது. குற்றம் சாட்டும் துறையே நடுவராகவும் அமர்வது அதிகாரப் பிரிவினைக்கு முரணானது என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச் மாதத்தில் அவ்வரசாணைகளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பின் உட்பொருள் சமூக சேவைக்கும் பொருந்த வேண்டும் என இவ்வமைப்பு வலியுறுத்துகிறது. காவல் நிலைய வளாகத்தைப் பெருக்குவதோ, ஆய்வாளர் சொல்லும் வேலையைச் செய்வதோ, நிலையப் பதிவேட்டில் நாள்தோறும் கையொப்பமிடுவதோ சமூக சேவையாகக் கணக்கிடப்படக் கூடாது.

1958ஆம் ஆண்டின் சட்டம் வழங்கும் வாய்ப்புகள் பலரும் எண்ணுவதைவிட விரிந்தவை. அதன் 3ஆம் பிரிவின்படி, சிறு திருட்டு, ஏமாற்று முதலிய குற்றங்களுக்காகவோ, ஈராண்டுக்கு மேற்படாத சிறைக்குரிய பிற குற்றங்களுக்காகவோ முதன்முறை தண்டிக்கப்படுபவரை எச்சரித்து விடுவிக்கலாம். 4ஆம் பிரிவின்படி, மரண தண்டனைக்கோ ஆயுள் சிறைக்கோ உரியதல்லாத எக்குற்றத்திலும், மூன்றாண்டுக்கு மேற்படாத நன்னடத்தைப் பிணையில் குற்றவாளியை விடுவித்து, ஓராண்டுக்குக் குறையாத காலத்திற்கு அவரை நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் வைக்கலாம். 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்ப வேண்டுமானால், 6ஆம் பிரிவின்படி நீதிமன்றம் முதலில் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று, சிறை ஏன் தவிர்க்க முடியாதது என்பதற்கான காரணங்களைப் பதிவு செய்தாக வேண்டும். 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு விதித்த இதேபோன்ற கடமை, இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 402ஆம் பிரிவாகத் தொடர்கிறது. விடுவிப்பது நடுவரின் கருணை என்ற எண்ணம் இச்சட்டங்களுக்கு ஏற்புடையதன்று. விடுவிக்க மறுப்பதற்கே இவை காரணம் கேட்கின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிய சிறு பட்டறைகளிலும் உழைக்கும் ஒடிசா, பீகார், அசாம் மாநிலத் தொழிலாளர்களுக்கு இச்சட்டத்தின் ஒரு நுணுக்கம் மிகுந்த முக்கியத்துவம் உடையது. உள்ளூரில் ஜாமீன்தாரர் கிடைக்காத காரணத்தினாலேயே அவர்கள் நன்னடத்தைப் பிணைக்குத் தகுதியற்றவர்களாக எண்ணப்படுவதுண்டு. சட்டமோ ஜாமீன்தாரருடனோ ஜாமீன்தாரர் இல்லாமலோ பிணை எழுதிக்கொடுக்க இடமளிக்கிறது. நிலையான இருப்பிடம் அல்லது முறையான தொழில் ஆகிய இரண்டில் ஒன்று நீதிமன்ற எல்லைக்குள் இருந்தால் போதும் என்கிறது. தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பதற்கு நிறுவனம் தரும் ஒரு சான்று இந்நிபந்தனையை நிறைவு செய்யும். இதை வழக்கறிஞர்கள் எடுத்துரைக்க வேண்டும், நடுவர்கள் ஏற்க வேண்டும் என்பது இவ்வமைப்பின் வேண்டுகோள்.

அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு, நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனைத் தீர்ப்பினால் வரும் தகுதியிழப்பு நேராது என்கிறது. ஆயினும் இதனால் குற்றத் தீர்ப்பே அழிந்துவிடுவதில்லை என்றும், துறை நடவடிக்கையை இது தடுக்காது என்றும் உச்ச நீதிமன்றம் விளக்கியுள்ளது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளை நம்பிப் பல குடும்பங்கள் வாழும் ஆவடி போன்ற நகரில், இளைஞர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் அவருக்கு இவ்விளக்கம் கிடைத்தாக வேண்டும். வழக்கு சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற அவசரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டு, பின்னர் வேலை போனதும் வருந்துவது தவிர்க்கக்கூடிய துயரம்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் சமூக சேவைக்குரிய குற்றங்கள் மிகச் சில. அரசு ஊழியர் சட்டவிரோதமாக வணிகம் செய்தல், நீதிமன்ற அறிவிப்புக்குப் பின்னும் ஆஜராகாமை, அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கில் தற்கொலைக்கு முயலுதல், 5,000 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறை திருடி அதைத் திரும்ப ஒப்படைத்தல், குடிபோதையில் பொது இடத்தில் தகாத நடத்தை, அவதூறு ஆகிய ஆறே அவை. இவற்றுள் இவ்வட்டாரத்துச் சாதாரண மக்களைப் பெரிதும் தொடுவது சிறு திருட்டு. இத்தகைய திருட்டு, பிடியாணையின்றிக் கைது செய்ய இயலாததும் பிணையில் விடத்தக்கதுமான குற்றமாகப் புதிய நடைமுறைச் சட்டத்தில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. 5,000 ரூபாய் என்னும் எல்லைக்கு மேலே சென்றால் அதே செயல் புழல் சிறையின் வாசலுக்கு இட்டுச் செல்லும். எனவே, மூன்றாண்டு பழைய செல்பேசி ஒன்றின் மதிப்பை அதை வாங்கிய நாளின் விலைச்சீட்டைக் கொண்டு கணக்கிடுவதா, திருடப்பட்ட நாளில் அதற்கிருந்த சந்தை விலையைக் கொண்டு கணக்கிடுவதா என்ற கேள்வி ஒருவருடைய விடுதலையையே முடிவு செய்துவிடுகிறது. திருடப்பட்ட நாளின் உண்மை மதிப்பே அளவுகோலாக வேண்டும் என்றும், அம்மதிப்பீடு முதல் விசாரணையிலேயே நடுவரின் ஆய்வுக்கு உட்பட வேண்டும் என்றும் இவ்வமைப்பு கோருகிறது.

சமூக சேவை என்பது ஊதியமின்றிச் சமூகத்திற்குப் பயன்தரும் வேலை என்று மட்டுமே புதிய நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு விளக்குகிறது. எத்தனை மணி நேரம், எங்கே, யார் பார்வையில் என்பவற்றை அது கூறவில்லை. இங்கிலாந்து 1972ஆம் ஆண்டின் சட்டத்தில் இத்தண்டனையை ஏற்படுத்தியபோது, 40 மணி நேரத்திற்குக் குறையாமலும் 240 மணி நேரத்திற்கு மேற்படாமலும் வரையறுத்ததுடன், குற்றவாளியின் இசைவையும் நன்னடத்தை அலுவலரின் ஏற்பாட்டையும் இன்றியமையாதவை ஆக்கியது. இலங்கை 1999இல் 46ஆம் எண் சட்டத்தின் வழியே சமூகம் சார்ந்த சீர்திருத்தத்திற்கெனத் தனி நிர்வாக அமைப்பையும் அலுவலர்களையும் உருவாக்கியது. தண்டனையின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் சேர்த்துவிட்டு அதை நடத்துவோரை ஏற்படுத்தாமல் விடுவது, 1898இன் 562ஆம் பிரிவுக்கு நேர்ந்த குறையையே மீண்டும் வரவழைக்கும். சேவையைச் செய்யத் தவறினால் வெறுங்காவல் சிறை விதிக்கவும் புதிய சட்டம் இடமளிப்பதால், தவறியது எது, ஏன் தவறியது என்பதை நீதிமன்றத்திற்குக் கூற நடுநிலையான அலுவலர் ஒருவர் இருப்பது இன்னும் அவசியமாகிறது.

வேலையின் தன்மை பற்றி இவ்வமைப்பு சிறிதும் விட்டுக்கொடுக்க இயலாது. சமூக சேவை என்றவுடன் தெருக் கூட்டுவதும் கால்வாய் அள்ளுவதும் கழிவறை கழுவுவதும் பலருடைய நினைவுக்கு வருகின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரு சில சாதியினர் மீது சுமத்தப்பட்ட வேலையைத் தண்டனையாக அறிவிப்பது, அவ்வேலையை நாள்தோறும் செய்து பிழைப்பவர்கள் அனைவரையும் இழிவுபடுத்தும் செயல். மேலும், 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் தங்கள் வேலைக்காக ரிப்பன் மாளிகை முன் போராட நேர்ந்த மாநகரில், ஊதியமில்லாக் கைகளை அதே பணியில் இறக்குவது உழைப்பாளரின் கூலியைக் குறைக்கும் கருவியாகிவிடும். ஆகவே தூய்மைப் பணி எவ்வடிவிலும் இத்தண்டனையில் இடம்பெறக் கூடாது. பூந்தமல்லியிலுள்ள பார்வைத்திறன் குறையுடையோருக்கான அரசுப் பள்ளியின் மாணவர்களுக்காகப் பாடநூல்களை ஒலிப்பதிவு செய்தல், கிளை நூலகங்களில் நூல்களை அடுக்கிப் பட்டியலிடுதல், அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு ஏரிக்கரைகளில் மரக்கன்று வளர்த்தல் போன்றவை, செய்பவருக்குத் திறனையும் மதிப்பையும் தரக்கூடியவை. பள்ளியோ நூலகமோ தன் விருப்பத்தின்பேரில் மட்டுமே இதில் சேர வேண்டும். குற்றவாளியின் பெயரையோ படத்தையோ எவரும் வெளியிடக் கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, முறைவேலை பார்க்கும் ஆலைத் தொழிலாளியும் அன்றாடக் கூலி பெறுபவரும் ஊதியத்தை இழக்காதபடி, வார விடுமுறை நாளில் ஒரு முறைக்கு நான்கு மணி நேரத்திற்கு மேற்படாமல் சேவை அமைய வேண்டும். குடிபோதைக் குற்றத்திற்குச் சட்டம் விதிக்கும் உச்ச சிறைக்காலமே 24 மணி நேரம் என்பதால், அதற்கான சேவை நேரமும் அந்த அளவைத் தாண்டலாகாது. பிழைக்கும் வழியைக் கெடுக்கும் தண்டனையால் எவரும் திருந்துவதில்லை.

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாட்டு நீதிமன்றங்கள் பிணை வழங்கும்போதே சேவையை நிபந்தனையாக விதித்த நிகழ்வுகள் உண்டு. 2017இல் அரியலூரில் சீமைக் கருவேல மரங்களை அகற்றும்படியும், 2022இல் சென்னையில் அபாயகரமாக இருசக்கர வாகனம் ஓட்டியவரை அரசு மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் உதவும்படியும் ஆணைகள் பிறப்பிக்கப்பட்டன. அவற்றின் நோக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும், குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை ஒருவர் நிரபராதி என்பது அடிப்படை நெறி. நிரபராதியிடம் ஊதியமற்ற உழைப்பைப் பெறுவது, பின்னர் அவர் விடுதலையானால் ஈடுசெய்ய இயலாத அநீதியாகும். சேவை தீர்ப்புக்குப் பின்னரே விதிக்கப்பட வேண்டும்.

பொருளை இழந்தவரின் குரலும் இதில் புறக்கணிக்கப்படுவதில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டம் தன் 5ஆம் பிரிவில், விடுவிக்கப்படும் குற்றவாளி இழப்பீடும் வழக்குச் செலவும் தரும்படி ஆணையிட நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளித்துள்ளது. குற்றவாளி சிறையில் இருந்தால் அவரிடமிருந்து இழப்பீடு பெறுவது அரிது. வேலையில் இருந்தால் தவணை முறையிலேனும் பெற முடியும். பட்டறையில் செப்புக் கம்பியை இழந்த சிறுதொழில் முனைவோருக்கு இது வெறும் ஆறுதலன்று, கைக்கு வரும் பணம்.

மேற்கூறியவற்றின் அடிப்படையில், அம்பத்தூர், பூந்தமல்லி நீதிமன்றங்களில் அமர்வு நாள்தோறும் அணுகக்கூடிய நன்னடத்தை அலுவலர்களைத் தமிழ்நாடு அரசு நியமிக்க வேண்டும் என்றும், சமூக சேவைக்கான மணி நேர வரம்பையும் வேலைப் பட்டியலையும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டபின் விதிகளாக வெளியிட வேண்டும் என்றும், 21 வயது நிரம்பாத எவரையும் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையின்றிச் சிறைக்கு அனுப்பும் தீர்ப்புகளில் இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் தவறாமல் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றும், அவ்வறிக்கை பெறப்பட்டதா என்பதை ஒவ்வொரு தீர்ப்பு நகலிலும் குறிப்பிடச் செய்யும் சுற்றறிக்கை ஒன்றைச் சென்னை உயர் நீதிமன்றம் அனுப்ப வேண்டும் என்றும் இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.